மழைப் பகலில் பாதியில் நின்ற படம்

ஆனி மாத மழையில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து வலது காலை முறித்துக்கொண்டேன். தொடை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டார்கள். காலை உயரத்தில் வைத்தபடியே இருக்க வேண்டும், தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அருமனைக்குப் பக்கத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே எங்கள் வீடு. வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான். மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள்.

அவர் குவைத்திலிருந்து திரும்பி வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து, இரண்டு மாதம் தங்கிவிட்டுப் போனவர். அந்த இரண்டு மாதமும் விருந்தும் கல்யாண வீடுமாக ஓடிவிடும். இப்போது ஒரேயடியாக வந்த பிறகு என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, வீட்டையும் மகளையும் தனியாகவே பார்த்துப் பழகியவள். ஒரு பாத்திரத்தை அவர் இடம் மாற்றி வைத்தால்கூட எனக்குப் பொறுக்காது. அவரும் யாரோ ஒருவர் வீட்டில் தங்க வந்தவர் போலத்தான் நடந்துகொண்டார். குளிக்கப் போவதைக்கூட என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்.

கால் முறிந்த பிறகு எல்லாவற்றுக்கும் அவர்தான் என்றாகிவிட்டது. கஞ்சி கொடுப்பதும், தாங்கிப் பிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவதும் அவரே. எனக்குக் கூச்சமும் எரிச்சலுமாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டே நாட்கள் போயின. ஒருநாள் மத்தியானம் அவர் பரணில் இருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினார். குவைத்திலிருந்து வரும்போது கொண்டுவந்தது. கனத்தைப் பார்த்து, உள்ளே என்னவோ இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் ஆசையாகச் சுற்றி நின்ற பெட்டி அது. திறந்தால் முழுக்க சிடி. எல்லாம் பழைய ஹாலிவுட் கறுப்பு வெள்ளைப் படங்கள். அன்றைக்குச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

ஒரு டிஸ்க்கைத் துடைத்து பிளேயரில் போட்டார். தொப்பி போட்ட ஆண்கள் வேகவேகமாகப் பேசினார்கள். ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை.

"கீழ எளுத்து ஓடுதுல்லா, அத வாசிச்சா போதும்," என்றார்.

"ஒரு வரி வாசிக்க முன்ன அடுத்த வரி வந்துருது. நீங்க பாருங்க, நான் படுக்கேன்."

"இரி. நான் சொல்லுதேன்."

அப்படித்தான் தொடங்கியது. திரையில் வாய் அசையும். எங்கள் ஊர்த் தமிழில் அவர் பேசுவார். போலீஸ்காரனுக்கு ஒரு குரல், திருடனுக்கு ஒரு குரல், பட்டு உடுப்புப் போட்ட சீமாட்டிக்கு ஒரு மெல்லிய குரல். "நீரு வந்தா நான் வரல்ல ஓய், போய் வேற ஆளப் பாரும்," என்று அந்தச் சீமாட்டி சொன்னபோது, கால் வலிக்க வலிக்கச் சிரித்தேன். வீட்டில் நாலு வார்த்தை பேசாத மனுஷனுக்குள் இத்தனை பேர் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

பிறகு மத்தியானம் எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்கினேன். திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு அவர் நாற்காலியில் உட்காருவார். நான் சோபாவில், கட்டுப் போட்ட காலை முன்னால் ஒரு ஸ்டூலில் தலையணை மேல் நீட்டி வைத்திருப்பேன். கறுப்பு வெள்ளையில் மழை எவ்வளவு அழகு என்று அந்தப் படங்களில்தான் பார்த்தேன். கதவிடுக்கில் விழும் வெளிச்சமும், படியில் ஏறி வரும் நிழலும் போதும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒரு பெண் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நிற்பாள். அவள் முகத்தைப் பார்த்தாலே சேதி கெட்டது என்று தெரிந்துவிடும். அந்த இடங்களில் அவரும் குரல் கொடுக்காமல் விட்டுவிடுவார்.

அன்றைக்குக் காலையிலிருந்தே பேய்மழை. முற்றத்தில் வெள்ளம் நின்றது. மத்தியானமே அந்தி போல இருட்டியிருந்தது. நாங்கள் போட்ட படத்திலும் மழைதான். ஆள் நடமாட்டமில்லாத சாலையோரத்தில் ஒரு பெட்ரோல் பங்க். பக்கத்தில் சின்னச் சாப்பாட்டுக் கடை. கடையை ஒரு பெண் தனியாக நடத்துகிறாள். கையில் காயத்தோடு ஒருத்தன் உள்ளே வருகிறான். சிறையிலிருந்து தப்பியவனைப் பற்றி வானொலியில் சொன்னதை அவள் ஏற்கனவே கேட்டிருக்கிறாள். இவன்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. சிரித்துக்கொண்டே காப்பி ஊற்றிக் கொடுக்கிறாள். ஊற்றும்போது கை நடுங்கக் கூடாது.

திரையில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கணவர் அந்தத் தப்பி வந்தவனின் கரகரத்த குரலில் சொன்னார்: "நீ காலை அனக்காம இரி."

காப்பி ஊற்றுகிறவளிடம் காலை அசைக்காதே என்று எதற்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். திரையில் அவன் வாய் அசையவே இல்லை.

"அனங்கப்பிடாது. திரும்பிப் பாக்கவும் வேண்டாம். படத்தையே பாத்துட்டு இரி," என்றது அதே குரல்.

கண்ணை மட்டும் அவர் பக்கம் திருப்பினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. என் கால் வைத்திருந்த ஸ்டூலுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இந்த மழைக்கு, பின்வாசல் கதவின் அடியிடுக்கு வழியாக வீட்டுக்குள் வரக்கூடியது எங்கள் பக்கத்தில் ஒன்றுதான்.

"என்ன பாம்பு?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டேன்.

"விரியன். சுருண்டு கெடக்கு. நீ அனங்காத வர அதும் அனங்காது."

கட்டுக்கு வெளியே என் கால்விரல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. முட்டியை மடக்க முடியாது. கட்டில்லாத இடது கால் தரையில், ஸ்டூலுக்கு ஒட்டினாற்போல் இருந்தது. பாதத்தின் ஓரத்தில் என்னவோ குளிர்ச்சியாகப் படுவது போலத் தோன்றியது. அது பாம்பா, மழை ஈரமா, என் பயமா என்று இன்றுவரை தெரியாது.

அப்போது கரண்ட் போனது.

படம் அணைந்ததும் ஹால் இருண்டுவிட்டது. இரைச்சலெல்லாம் நின்று, கூரையில் மழை மட்டும் கேட்டது. அதற்கும் கீழே, குக்கர் ஆவி விடுவது போல ஒரு சீறல். என் வாயிலிருந்து ஒரு சத்தம் கிளம்பப் பார்த்தது. அதற்குள் அவர் குரல் வந்தது. அவசரமே இல்லாத குரல். படத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"அவ காப்பிய வச்சா. அந்த ஆளு குடிக்கான். குடிச்சிட்டு சொல்லுதான், நான் இப்ப பைய எந்திரிக்கப் போறேன், நீ பயப்படாத. நான் உனக்க பொறத்தால வந்து நிப்பேன்."

நாற்காலி கிறீச்சிடாமல் அவர் எழுந்தார். வெறுங்காலோடு, சுவரை ஒட்டியபடி சுற்றி வருகிறார் என்று குரல் வரும் திசையை வைத்துத்தான் தெரிந்தது. கைப்பேசி வெளிச்சத்தைத் தரைக்குக் காட்டாமல் கூரைக்குக் காட்டினார். மங்கலாக எல்லாம் தெரிந்தது. நான் கீழே பார்க்கவில்லை.

"அந்த ஆளு பொறத்தால வந்தாச்சு. ரெண்டு கையையும் அவ கக்கத்துல குடுக்கான். கேட்டியா? அவ காலு ரெண்டையும் ஒரே நேரத்துல மேல தூக்கணும். ஸ்டூலத் தட்டப்பிடாது. தூக்கினதும் அவன் ஒரே இழுப்பா சோபாக்குப் பொறத்தால இழுத்துருவான்."

"எனக்கு அந்தக் காலு தூக்க வராது," என்றேன். உண்மை அதுதான். அதுவரை அவரோ, நர்ஸோ தூக்கி வைத்தால்தான் அந்தக் கால் நகரும்.

"வரும். நீ தூக்கு. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

அதைச் சொன்னது படத்துக் குரல் அல்ல. அவருடைய சொந்தக் குரல்.

"இப்ப," என்றார்.

எப்படித் தூக்கினேன் என்று தெரியவில்லை. இடுப்பிலிருந்து ஒரு வலி தலை வரைக்கும் ஓடியது. கால் எழும்பியது. அவர் இழுத்தார். மாவுக்கட்டின் நுனி ஸ்டூலில் இடித்து, ஸ்டூல் உருண்டது. சீறலும், தலையணையில் எதுவோ அறைந்தது போன்ற சத்தமும் ஒன்றாகக் கேட்டன. இருவரும் சோபாவுக்குப் பின்னால் விழுந்தோம். அவர் அடியில், நான் மேலே. விழுந்த வேகத்திலேயே என்னை முன்வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய் வெளியே தள்ளி, கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் கால்மிதிச் சாக்கைத் திணித்தார். வாசல் ஓரத்தில் மழைச்சாரலில் கிடந்தபடி மூச்சு வாங்கினோம்.

"உனக்கு ஒண்ணும் இல்லியே?" என்று என் கால்விரல்களைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே ரத்தம். துடைத்தால், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்னக் காயம்.

"இது என்னது?"

அவர் பார்த்தார். "சோபா ஆணி கீறியிருக்கும்."

"கடிச்சதா?"

"தெரியல்ல. ஒண்ணும் தெரியல்ல அப்ப."

பக்கத்து வீட்டில் ஆட்டோ ஓட்டுகிறவர் இருந்தது எங்கள் பாக்கியம். நான் போட்ட கூச்சலில் குடைகூட எடுக்காமல் ஓடிவந்தார். என்னை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். கணவர் கேட்கவில்லை. இருவர் சேர்ந்து என்னையும் தூக்கி, மாவுக்கட்டுக் கால் வெளியே நீட்டியிருக்க, தக்கலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் சாலையில் வெள்ளம். கையை ஆட்டாமல் வையுங்கள் என்று ஆட்டோக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அந்தக் கையை என் மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர் காயத்தைப் பார்த்தார். பல்லா, ஆணியா என்று பார்த்துச் சொல்ல முடியாது என்றார். கையில் ரத்தம் எடுத்து, ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, எங்கள் கண்முன்னால் மேசை மேல் நிறுத்தி வைத்தார்.

"இது அசையாம இருக்கட்டும். விரியன் விஷம் ஏறியிருந்தா ரத்தம் உறையாது. கொஞ்ச நேரம் கழிச்சு சரிச்சுப் பாப்போம். அதுக்குள்ள தலை சுத்தினாலோ, ஈறுல ரத்தம் வந்தாலோ உடனே கூப்பிடுங்க."

கணவர் கட்டிலில் படுத்திருந்தார். நான் பக்கத்தில் சக்கர நாற்காலியில். அந்தக் குழாயைப் பார்ப்பதும் அவர் வாயைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

"பேசிட்டே இருங்க," என்றேன்.

"என்னத்தப் பேச?"

"அந்தப் படத்தச் சொல்லுங்க."

"அது பாதியிலல்லா நின்னு போச்சு. எனக்கே முடிவு நினைவில்ல." என் பக்கம் திரும்பினார். "நான் இந்தக் குரல் குடுக்கப் படிச்சது எப்படீன்னு உனக்குத் தெரியாதுல்லா?"

தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

குவைத்தில் அவர் அறையில், எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊரான இனயத்துக்காரர் ஒருவர் இருந்தாராம். கடலுக்குப் போவதை விட்டுவிட்டு வெல்டிங் வேலைக்கு வந்தவர். கண்ணாடி போடாமல் வேலை செய்ததில் கண் இரண்டும் வீங்கி, கட்டுப் போட்டு அறையில் கிடந்தார். வெள்ளிக்கிழமை லீவு நாளில் மற்றவர்கள் படம் பார்ப்பார்கள். "மக்கா, என்னடே நடக்கு, எனக்கும் சொல்லு," என்று அவர் கட்டிலில் இருந்து கெஞ்சுவாராம். யாரும் சொல்லவில்லை. இவர் சொன்னார். இவருக்கும் இங்கிலீஷ் அரைகுறைதான். புரியாத இடத்தில் சொந்தமாகக் கதை கட்டினார்.

"அழப்பிடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. அதனால எல்லாத்தையும் சிரிப்புப் படமா ஆக்கிருவேன். எத்தன கொலைப் படத்த அப்படி ஆக்கினேன் தெரியுமா?"

"அவருக்குக் கண்ணு சரியாச்சா?"

"ஒண்ணு வந்துச்சு. ஒண்ணு போச்சு. ஊருக்கு வந்துட்டாரு."

டாக்டர் வந்தார். குழாயை எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மெல்லச் சரித்தார். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். குழாய் படுத்தது, ரத்தம் ஓடவில்லை. கட்டியாக, அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

"உறைஞ்சிட்டு. பயப்பட ஒண்ணுமில்ல. இருந்தாலும் நாளைக்குக் காலைல வர இங்க இருங்க, இன்னும் ரெண்டு தடவ பாக்கணும்."

கணவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அவருக்கு நடுக்கம் வந்தது. பல் கிடுகிடுவென்று அடித்தது. ஆட்டோக்காரர் சாயா வாங்கி வந்தார். கணவரால் டம்ளரைப் பிடிக்க முடியாததால் நான் ஊதி ஊதிக் குடிக்க வைத்தேன்.

மறுநாள் அக்கம்பக்கத்தார் பாம்பு பிடிக்கிறவரை எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். விரியன் டிவி மேசைக்கு அடியில் கிடந்ததாம். கம்பியால் வளைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். பின்வாசல் கதவுக்கு அடியில் தகரம் அடித்தோம். அந்தப் படத்தை மறுபடி போட எனக்குத் தைரியம் வரவில்லை, அவரும் கேட்கவில்லை. பெட்டியில் வேறு படங்கள் நிறைய இருந்தன. ஸ்டூலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உட்காருவோம்.

கட்டுப் பிரித்து, ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் இனயத்துக்குப் போனோம். ஆலயத்துக்குப் பின்னால் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். ஒற்றைக் கண்ணோடு வாசலுக்கு வந்தவர், என் கணவரின் குரலைக் கேட்டதும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். சாயா வந்தது. மீன் பொரிக்கச் சொல்லி உள்ளே ஆள் போனது. குவைத்தில் தான் கேட்ட கதைகளைப் பற்றி அவர் என்னிடம் சொல்ல ஆரம்பித்தார். பேச்சை நிறுத்தி என் கணவரைப் பார்த்துக் கேட்டார்:

"எல்லாம் சிரிப்புப் படந்தானடே?"

"ஆமா," என்றார் என் கணவர். "எல்லாம் சிரிப்புப் படந்தான்."