ரூய்லான் யாருக்கும் தராத பந்து

"கோல் பக்கத்துல எங்கால்ல பந்து மாட்டுச்சுன்னா, பெத்த தாயே வந்து கேட்டாலும் தர மாட்டேன்."

எங்கள் டாலியன் நகரத்தின் பெருமை, சீனப் பெண்கள் அணியின் முன்கள ஆட்டக்காரி ஷெங் ரூய்லான் இப்படி முழங்கியபோது பத்திரிகைக்காரர்கள் கை தட்டினார்கள். வரலாற்றின் நலன் கருதி ஒன்று சொல்லியாக வேண்டும்: அவளுடைய தாயார் கடைசிவரை பந்து கேட்கவில்லை. துறைமுகத்தில் மீன் அறுத்துக்கொண்டிருந்தவருக்கு அதற்கெல்லாம் ஒழியவில்லை.

கேட்டவள் மூ சியூயின். இடது ஓரத்தில் ஓடுபவள். விடுதியில் ரூய்லானின் கீழ்க்கட்டில்காரி. தேசிய அணிச் சட்டையில் ஒரு கோல் போட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. எங்கள் அரசு அலுவலகங்களில் இதைவிடப் பெரிய ஆசைகள் டீ ஆறுவதற்குள் நிறைவேறியிருக்கின்றன.

ஓர் இறுதி ஆட்டம். முடிய நிமிடங்களே பாக்கி. ரூய்லானை இருவர் மறித்து நிற்க, இடப்பக்கம் சியூயின் தன்னந்தனியாக.

"இங்க தள்ளுடீ, ரூய்லான்! இங்க!"

ரூய்லான் தானே அடித்தாள். பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கோப்பையும் திரும்பிப் போனது. தப்பு செய்தவர் கூட்டாளியைப் பார்த்து ஒரு கை தூக்குவது ஆட்டக்காரர்களின் மரியாதை. ரூய்லானின் கையோ கோல் போட்டால் மட்டும் உயரும் ஜாதிக் கை. அன்றும் அது இடுப்பை விட்டு நகரவில்லை. மறுநாள் பத்திரிகைகள் அவளுடைய 'வீரத்தை' மெச்சின. கம்பத்தின் நடத்தை பற்றித் தலையங்கம் வராததுதான் குறை.

அடுத்த அணிப் பட்டியலில் சியூயின் பெயர் இல்லை. டாலியனுக்கே திரும்பிக் கொழுக்கட்டைக் கடை போட்டாள். ஓய்வு பெற்ற ரூய்லான், ஓர் அலுவலகத்தில் சுவரில் தன் படத்துக்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள், வேலை அதுதான். மத்தியானம் சாப்பாடு சியூயின் கடையில், அவளோடு ஒரே மேசையில். கொழுக்கட்டைக்குத் தொட்டுக்கொள்ள வினிகர்.

"அந்த வினிகரையாவது இந்தப் பக்கம் தள்ளு" என்பாள் சியூயின்.

"எட்டி எடுத்துக்க. உனக்குக் கை இல்ல?"

"அன்னிக்குக் காலும் இருந்துச்சு. என்ன பிரயோஜனம்?"

கடை முழுக்கச் சிரிக்கும். ரூய்லானும் சிரிப்பாள். வினிகர் மட்டும் நகராது.

பிறகு சியூயினுக்கு வயிற்றில் நோய். மருத்துவமனையில், ரூய்லான் கொண்டுவந்த மீன் கொழுக்கட்டையைத் தொடாமல் மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"வசந்தத்துல பழைய ஆட்டக்காரங்க மேட்ச் இருக்கே. ஒரு பந்து குடுப்பியா?"

"மொதல்ல எழுந்து ஓடு, அப்புறம் பாக்கலாம்."

"எழுந்துட்டா?"

"எழுந்துட்டா மட்டும்? என் கொள்கை என்ன ஆவுறது?"

சியூயின் சிரித்தாள், இருமினாள். கடைசிப் பனி கரைவதற்கு முன்பே போய்விட்டாள்.

மேட்ச் நடந்தது. சியூயினின் இடத்தில் யாரை நிறுத்துவது என்று கமிட்டி சூரியகாந்தி விதை கொறித்தபடி நெடுநேரம் விவாதித்து, முதல் பாதி முழுவதும் அந்த இடத்தைக் காலியாக விடுவது என்று முடிவெடுத்தது. கமிட்டி வரலாற்றிலேயே உருப்படியான தீர்மானம் அது ஒன்றுதான்.

இடைவேளைக்குச் சற்று முன் ரூய்லான் காலில் பந்து சிக்கியது. கோல்கீப்பர் வழுக்கி விழுந்து கிடந்தாள். வலை திறந்த வீடு. மீன் அறுக்கும் தாயார்கூடப் போட்டிருப்பார்.

"அடி ரூய்லான், அடி!" என்று அரங்கம் எழுந்தது.

ரூய்லான் நின்றாள். பந்தைப் பக்குவமாக, ஓடி வருகிறவளின் காலுக்கு முன்னால் விழும்படி, இடப்பக்கம் தள்ளினாள். யாரும் ஓடி வரவில்லை. அது புல்லில் உருண்டு உருண்டு, கோட்டைத் தாண்டி வெளியே போய் நின்றது.

"வயசாயிடுச்சு, கண்ணு தெரியல பாரு!" என்றான் எனக்குப் பின்னால் ஒருவன். சிலர் சிரித்தார்கள்.

ரூய்லான் அந்தக் காலி இடத்தைப் பார்த்து ஒரு கையை உயர்த்தினாள். விசில் ஊதிய பிறகுதான் இறக்கினாள்.