இடுப்பு உயரத்தில் ஒரு வீடு

அந்த ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறவர்கள் எல்லாரும், தங்களை மேற்பார்க்கும் அவளைக் கலெக்டர் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே "மேடம்." அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் "கலெக்டர் மாடிக்கு வருது." படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் கண்ணில் பட்டால் மொத்தத்தையும் உருவி எறிந்துவிட்டு, தானே விரித்துக் காட்டுவாள். வாயால் சொல்லிக்கொடுக்கும் பொறுமை அவளுக்குக் கிடையாது.

ஒருநாள் ஓர் அறையில் கட்டிலுக்கு அடியில் தூசி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். குனிந்த முதுகு அப்படியே பிடித்துக்கொண்டது. எழ முடியவில்லை. அறையில் தங்கியிருந்தவர் குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்தபோது, தன் கட்டிலுக்கு அடியில் பாதியும் வெளியே பாதியுமாக ஓர் அம்மாள் கிடப்பதைக் கண்டார். அவர் போட்ட சத்தத்தில்தான் மற்றவர்கள் ஓடி வந்தார்கள். அவளுக்கு வலியைவிட, கட்டிலுக்கடியில் தூசி இருந்ததுதான் எரிச்சலாக இருந்தது.

தண்டுவட எலும்புகளுக்கு நடுவே ஒரு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, அறுவை சிகிச்சைதான் வழி என்றார் டாக்டர். முடிந்தபிறகு சில வாரங்களுக்குக் குனியக் கூடாது, உடம்பை முறுக்கித் திரும்பக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது.

"மூச்சு விடலாமா டாக்டர்?"

டாக்டர் சிரிக்கவில்லை. "வீட்டை இப்பவே தயார் பண்ணி வச்சிடுங்க. வந்தப்பறம் பண்ண முடியாது."

தயார் செய்யச் சொன்னால் போதாதா அவளுக்கு. முழங்காலுக்குக் கீழே இருந்தது, தலைக்கு மேலே இருந்தது எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். தூக்கும் வேலை கணவருக்கு, அதட்டும் வேலை அவளுக்கு. பாத்திரங்கள், சோப்புத்தூள், இஸ்திரிப்பெட்டி, செருப்பு எல்லாம் சாப்பாட்டு மேசைமேல் ஏறின. தரைவிரிப்பைச் சுருட்டிப் பரணில் போட்டார்கள். கழிப்பறைப் பீங்கான்மேல் வைக்க உயரமான ஓர் இருக்கை வந்தது. அதில் முதலில் உட்கார்ந்து பார்த்த கணவர், "ராஜா மாதிரி இருக்கு" என்றார்.

"ராஜா அப்பறம் கழுவி வைக்கட்டும்" என்றாள்.

கணவருக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. ஆயுள் முழுக்க யாரோ ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தே பழகியவர். அதனால் எதற்கும் பதறமாட்டார். முதுகை வளைக்காமல் கட்டிலில் புரண்டு எழுந்திருக்க அவளுக்குப் பயிற்சி கொடுத்ததும் அவர்தான்.

"முதல்ல முழங்காலை மடக்கு. தோளும் இடுப்பும் ஒண்ணா திரும்பணும். அவசரப்படாதே, இண்டிகேட்டர் போட்டுட்டு திரும்பு."

"நான் என்ன லாரியா?"

"லாரியா இருந்தா ரிவர்ஸ் வரும். உனக்கு அதுவும் கிடையாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்தாள். அவள் நோயாளியாகப் படுத்துக்கொள்வது, அவர் தனியாக வீட்டை நடத்துவது என்று ஏற்பாடு. காலைச் சமையலில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. பிறகு துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து அவளுடைய வெள்ளைச் சீருடைகள் இளஞ்சிவப்பாக வெளியே வந்தன. கூடவே ஒரு புதுச் சிவப்புப் போர்வையும் வந்தது. அவள் பயிற்சியெல்லாம் மறந்து ஒரே தாவலில் எழுந்து, "அய்யோ" என்று முதுகைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"நீ பேஷண்ட். பேஷண்ட் எந்திரிச்சு வந்து திட்ட மாட்டாங்க" என்றார் அவர். பிறகு கொஞ்சம் மெதுவாக, "வேற ஆள் வேணும். தங்கச்சியக் கூப்பிடலாமா?"

தங்கச்சி என்றால் அவளுடைய நாத்தனார். வேறு ஊரில் ரயில் நிலைய டிக்கெட் கவுன்டரில் வேலை. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று விருந்து முடிந்து நாத்தனார் பாத்திரம் கழுவி வைத்தாள். இவள் அவளெதிரிலேயே அத்தனையையும் எடுத்து மறுபடி கழுவினாள். அதற்குப் பிறகு நாத்தனார் இந்த வீட்டுக்கு வந்தால் ஒரு டம்ளரைக்கூடத் தொடமாட்டாள். விருந்தாளி மாதிரி வந்து, விருந்தாளி மாதிரியே போவாள்.

இரண்டு நாள் மனசுக்குள் மல்லுக்கட்டிவிட்டு இவளே போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"வர்றேன் அண்ணி. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் வந்தா பாத்திரம் கழுவலாமா, இல்ல பாத்துட்டே உக்காந்திருக்கணுமா?"

"கழுவலாம்."

"நீங்க திரும்பக் கழுவ மாட்டீங்களே?"

"குனிய முடியாதும்மா."

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இடுப்பில் பட்டி மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். நாத்தனாரும் லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். படுக்கையிலிருந்தபடி அவள் சமையலறைச் சத்தங்களைக் கேட்டாள். எந்த மூடி எந்தப் பாத்திரத்தில் தப்பாக உட்காருகிறது என்பது சத்தத்திலேயே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

அதைவிடப் பெரிய சோதனை கழிப்பறையில் காத்திருந்தது. உயரமான இருக்கை, பிடித்துக்கொள்ளக் கம்பி, கை நீட்டும் தூரத்தில் தண்ணீர் என்று எல்லாம் யோசித்திருந்தாள். முறுக்கித் திரும்பாமல் பின்பக்கம் எப்படிக் கழுவுவது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. ஊரில் யாரும் இதைச் சொல்லித் தருவதுமில்லை. வெகுநேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் நாத்தனார் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

"வேணாம், போ" என்றாள் இவள்.

"சும்மா இருங்க அண்ணி. இத்தனை வருஷம் உங்களுக்குப் பின்னாடி பேசிட்டிருந்தேன். இப்ப பின்னாடி ஒரு வேலை செய்யறேன், அவ்வளவுதான்."

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையல் இழுத்தது. "சிரிக்க வைக்காதேடி, செத்துடுவேன்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். சிரித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. வலியில் என்று இருவருமே வைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் இவளைக் குளிப்பாட்டித் தலை துவட்டிவிடும்போது நாத்தனாரே ஆரம்பித்தாள். "அன்னிக்கு நான் வேணும்னுதான் சரியா கழுவல. எல்லாரும் உக்காந்து பேசிட்டிருக்காங்க, என்னை மட்டும் பாத்திரத்துகிட்ட நிறுத்திட்டாங்கன்னு கோபம். எண்ணெய அப்படியே விட்டேன்."

"எனக்குத் தெரியும்."

"தெரியுமா? அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா சண்டை வந்திருக்கும்."

"கேக்காம மட்டும் என்ன வந்துச்சு?"

இவள் துண்டுக்குள்ளேயே தலையை ஆட்டி ஒப்புக்கொண்டாள்.

நாத்தனார் லீவு முடிந்து கிளம்பிய பிறகும் மாலையில் தினமும் போன் வரும். நடந்தீங்களா, பட்டி போட்டீங்களா என்று டிக்கெட் விசாரிக்கிற குரலிலேயே விசாரிப்பாள். பயணம் போகலாம் என்று டாக்டர் அனுமதித்ததும், இவள் முதலில் கேட்டது வேலைக்கு எப்போது போகலாம் என்றல்ல, ரயிலில் எவ்வளவு தூரம் போகலாம் என்று.

நாத்தனார் வீட்டில் படுக்கை விரிப்பு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. தலையணை உறை வேறு நிறம். இவள் அதை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அதன்மேலேயே படுத்து, சாயங்காலம் வரை தூங்கினாள்.