நான்காவது பெட்டியின் ரப்பர் வளையம்

தண்ணீரில் முக்குளித்து வேலை செய்யும் அந்த மனிதருக்கு நீர்க்காக்கை என்று பெயர் விழுந்துவிட்டது. கழுத்து நீளம், உள்ளே போனால் லேசில் மேலே வரமாட்டார். அவர் மனைவி கழிமுகத்தின் அக்கரையில் இருந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். காற்று பலமாக அடித்தால் படகு ஓடாது. நோயாளிகள் இக்கரையிலேயே காத்துக் கிடப்பார்கள் என்று அவள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். அதனால், தண்ணீருக்கடியில் ரோடு போடப் போகிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார்.

மலையைக் குடைவது போல இதைக் குடையவில்லை. கரையில் பெரிய பள்ளம் வெட்டி, நூறு மீட்டர் நீளக் கான்கிரீட் பெட்டிகளை வார்த்தார்கள். இரு முனையையும் இரும்புச் சுவரால் அடைத்துப் பள்ளத்தில் தண்ணீர் விட்டதும், அத்தனை கனமும் கப்பல் மாதிரி மிதந்தது. அதை இழுத்துப் போய், ஆற்றடியில் தோண்டி வைத்த அகழியில் இறக்கி, முன்பு இறக்கிய பெட்டியோடு ஒட்ட வேண்டும். ஒட்டும் முனையைச் சுற்றித் தொடைப் பருமனில் ரப்பர் வளையம். அது சரியாகப் பதிந்தால்தான் உள்ளே ரோடு. இல்லையென்றால் உள்ளேயும் ஆறுதான்.

மூன்று பெட்டிகள் நல்லபடியாக இறங்கின. நான்காவதை இறக்கிய மத்தியானம், நீரோட்டம் திரும்ப இன்னும் நாற்பது நிமிஷம்தான் இருந்தது. அடியில் ஒரே கலங்கல். முகத்துக்கு நேரே நீட்டிய கை தெரியவில்லை. வளையத்தைத் தடவிக்கொண்டே போன நீர்க்காக்கையின் விரல் கீழ் மூலையில் நின்றது.

“மேடம், இழுக்காதீங்க,” என்றார் தலைக்கவசத்துப் போனில். “நடுவுல ஒரு கல்லு மாட்டியிருக்கு.”

மேலே மிதவையில் இருந்த பொறியாளர் அம்மாள், “கருவியில எல்லாம் சரியாத்தானே காட்டுது அண்ணே?” என்றாள்.

“கருவிக்கு விரல் இல்லையே மேடம்.”

இன்றைக்கு விட்டால் தண்ணீர் இப்படி அடங்க இன்னும் பதினைந்து நாள் ஆகும். அவளுக்கு மேலிடத்து நெருக்கடி வேறு.

“எவ்வளவு நேரம் வேணும்?”

“ஒரு முழம் பின்னால நகத்திக் கொடுங்க. கால் மணி நேரம் போதும்.”

“சரி, நகத்துறேன். கால் மணின்னா கால் மணிதான். அப்புறம் நீங்க மேல வந்தே ஆகணும்.”

பெட்டி பின்வாங்கியது. சேற்றில் புதைந்த கல் அசைவேனா என்றது. கடப்பாறையால் நெம்பி, தோளால் முட்டி, பதிமூன்றாவது நிமிஷத்தில் பிடுங்கி எறிந்தார். ரப்பரில் கிழிசல் இல்லை என்று இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் மேலே வந்தார். பிறகு பெட்டியை நெருக்கி, இரண்டு இரும்புச் சுவர்களுக்கு நடுவே இருந்த தண்ணீரை வெளியேற்றினார்கள். மறுமுனையில் முட்டிக்கொண்டிருந்த ஆறே பெட்டியைத் தள்ளி இறுக்கிவிட்டது.

இரண்டு நாள் கழித்துப் பொறியாளர் அம்மாள் அவரைக் கரைப்பக்கம் வழியாகப் பெட்டிகளுக்குள்ளே கூட்டிப் போனாள். இரும்புச் சுவரில் இருந்த கதவைத் தாண்டியதும் அவர் கால் தயங்கியது.

“என்ன அண்ணே, பயமா?”

“தலைக்கு மேல ஆறு ஓடுது, நான் நனையாம நிக்கிறேனே மேடம்.”

அவள் சிரித்துக்கொண்டே டார்ச் அடித்தாள். அவர் கல் மாட்டியிருந்த அந்தக் கீழ் மூலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கையில் ஒட்டியது தூசிதான்.

ரோடு திறந்த வருஷம் புயல் மழை விடாமல் அடித்தது. படகுத்துறை மூடிக் கிடந்த ஒரு நாள், வேலை முடிந்து மனைவி பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

“இக்கரையிலேர்ந்து ஒரு பிரசவ கேஸ். ஆம்புலன்ஸ் ஏழே நிமிஷத்துல வந்துடுச்சு. தாயும் பிள்ளையும் நல்லாருக்காங்க,” என்றாள்.

நீர்க்காக்கை அவளுக்குத் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, குழந்தை எத்தனை கிலோ என்று கேட்டார்.