ஏறி வரும் லாரிக்கு வழி

நான் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுகிற மனுசன்தான் என் வீட்டுக்காரர். பிக்கப் வண்டியின் சாவியை மட்டும் கொடுக்க மாட்டார். வத்தலக்குண்டில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து ஓட்டிப் பழகி, லைசென்ஸும் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மலைமேல் எங்கள் ஊரான பள்ளங்கிக்குள் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஓட்டிக்கொள்ளலாம். மலையிறங்கக் கூடாது. போன போகத்தில் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வடுகபட்டிச் சந்தைக்குப் போகவேண்டிய பூண்டு மூட்டைகள் அப்படியே கிடந்தன. நான் கொண்டுபோகிறேன் என்றேன். நிற்கக்கூடத் தெம்பில்லாத மனுசன் எழுந்து போய், சாவியை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குக் கஞ்சிக்கு உப்பே போடவில்லை.

அவர் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்று. எனக்கு மலைப்பாதையில் வாந்தி வரும். பொய் சொல்வானேன், வரும்தான். கல்யாணமாகி இந்த மலைக்கு ஏறிய அன்றே பட்டுச்சேலையோடு மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னவள் நான். அன்றிலிருந்து பதினெட்டு வருடமாகப் பக்கத்து சீட்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே ஏறி இறங்கியிருக்கிறேன். அதில் ஒரே ஒரு லாபம், வளைவு வருவதற்கு முன்பே என் உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அதெல்லாம் ஒரு திறமை என்று எனக்கே தெரியாது.

தெரியவைத்தது எங்கள் டிவி. இந்த வருடம்தான் திண்டுக்கல்லில் காலேஜ் சேர்ந்த மகள் லீவுக்கு வந்தவள், அதில் ஏதோ ஒரு கேம் ஆப்பைப் போட்டாள். கையோடு ஒரு கண்ட்ரோலரும் கொண்டுவந்திருந்தாள். கேம் டிவிக்குள் இல்லையாம். எங்கேயோ தூர தேசத்தில் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் ஓடுகிறதாம். நாம் இங்கே பட்டனை அமுக்கினால் அது நெட்டில் அங்கே போய், அங்கே கார் திரும்பி, அந்தப் படம் இங்கே வந்து சேருமாம். பக்கத்தில் இருக்கிற செண்பகனூருக்குப் போய்த் திரும்பவே அரை நாள் ஆகிறது, இது என்ன கூத்து என்று அவர் கேட்டார். கேட்டுக்கொண்டே நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மூன்று நாளாக விடாத மழை. தோட்டத்தில் சோலி எதுவும் இல்லை. மகள் மலைப்பாதையில் இறங்குகிற கார் பந்தயம் ஒன்றைப் போட்டுக் கண்ட்ரோலரை அப்பாவிடம் கொடுத்தாள். இருபத்திரண்டு வருடமாக வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறவர், பத்து நிமிடத்தில் பதினோரு தடவை பள்ளத்தில் விழுந்தார். நான் எண்ணினேன். எங்கள் ஊர் நெட்டுக்கு, அதுவும் மழையில், பட்டனை அமுக்கி ஒரு மூச்சு விட்ட பிறகுதான் கார் திரும்பும். அவரோ வளைவைக் கண்ணால் பார்த்த பிறகு திருப்புகிறார். அது திரும்புவதற்குள் பள்ளம் வந்துவிடுகிறது. டிவியில் கோளாறு என்றார், கண்ட்ரோலரில் கோளாறு என்றார், கடைசியில் அந்த ரோட்டைப் போட்ட காண்ட்ராக்டரைத் திட்டினார். நானும் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சிரிக்கிறியே, நீ ஓட்டு பாப்போம். என்னைய முந்திட்டேன்னா வண்டிச் சாவி ஒனக்குத்தான்."

சொல்லி வாயை மூடுவதற்குள் மகள் அதைப் போனில் பதிவு செய்துவிட்டாள். சமத்து.

முதலில் அவர் ஓட்டினார். இந்தத் தடவை சைக்கிள் வேகத்தில் உருட்டி, விழாமல் சமாளித்தார். ஆனால் குறுகலான வளைவில் எதிரே ஒரு லாரி ஏறி வந்தால் ஓரங்கட்டி நிறுத்திவிடுவார். பின்னால் வந்த கார்களெல்லாம் விர்விர்ரென்று முந்திப் போயின. இது ரேஸுப்பா, யாருக்கும் நிற்கக் கூடாது என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். லோடோடு ஏறி வருகிறவனுக்கு வழிவிடாமல் என்ன ரேஸ் என்று அவர் கேட்டார். கடைசி ஆளாக வந்து சேர்ந்தார்.

அடுத்தது நான். எலுமிச்சம்பழத்தை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். வளைவு வருகிறது என்று உடம்பு சாய்ந்தது, சாய்ந்த கையோடு விரலும் பட்டனை அமுக்கியது. கார் சரியாக வளைவில் போய்த்தான் திரும்பியது. அடுத்ததும் அப்படியே. ஐயோ, எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது! பதினெட்டு வருடம் பட்ட பாடெல்லாம் விரல் நுனிக்கு வந்து நின்றது. தலை கிறுகிறுத்தது, வாந்தி மட்டும் வரவில்லை. எதிரே ஏறி வந்த லாரிகளை உரசி, ஒன்றைப் பாறையோடு ஒதுக்கி, மூன்றாவதாக வந்தேன். எழுந்து ஹாலில் ஒரு சுற்று ஆடினேன். ஆடிக்கொண்டே கையை நீட்டினேன்.

மகள் போனில் பதிவைப் போட்டுக் காட்டியும் அவர் கொடுக்கவில்லை.

"ஏறி வர்ற வண்டிக்கு வழிவிட்டியா? லோடோட வர்றவன நடு ஏத்தத்துல நிப்பாட்டுனா, திருப்பி எடுக்கையில வண்டி பின்னால உருண்டுரும். இது தெரியாதவளுக்குச் சாவி கெடையாது."

பேச்சு மாறிய மனுசனிடம் எனக்கென்ன பேச்சு? அன்றைக்கு முழுக்கச் சட்டியைப் பாத்திரத்தோடு முட்டவிட்டே சமைத்தேன். ஆனால் பூண்டு உரிக்க உட்கார்ந்தபோது வேறொன்று குத்தியது. அந்தப் பாதையில் அவர் அடிக்கடி வண்டியை ஓரங்கட்டுவது எனக்குத் தெரியும். ஏன் என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, கேட்டதுமில்லை. நான்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேனே. வளைவெல்லாம் மனப்பாடம், வழிவிடத் தெரியாது. அவர் சொன்னது சரியென்று பட்டதில் கோபம் இன்னும் கூடியது.

மறுநாள் மத்தியானமும் மழைதான். யாரும் கூப்பிடாமல் நானே போய்க் கண்ட்ரோலரை எடுத்தேன். அவர் பின்னால் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். பார்க்காதது மாதிரிதான் இருந்தார், ஆனால் உரிக்கிற சத்தம் நின்றுவிட்டது. முதல் குறுகல் வளைவில் லாரி ஏறி வந்தது. ஓரங்கட்டி நிறுத்தினேன். லாரி போகட்டும் என்று காத்திருந்தேன். மூன்று கார்கள் என்னை முந்தின. அடுத்த வளைவிலும் நின்றேன். போச்சு, ஜெயிக்கிற ரேஸை விட்டாயே என்று மகள் புலம்பினாள். ஏறி வந்த ஒரு வண்டியைக்கூட விடாமல் எல்லாவற்றுக்கும் வழிவிட்டு, மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசி இடம் என்று டிவி முழுக்கப் பெரிய எழுத்தில் வந்தது.

அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து என் மடியில் சாவியைப் போட்டார்.

"நாளைக்குச் சந்தை. வெள்ளனே கெளம்பணும், வெரசா படு."

மகள் போட்ட கூச்சல் மழையைத் தாண்டிக் கேட்டிருக்கும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

விடிந்து மழை விட்டிருந்தது. பின்னால் பூண்டு மூட்டை, ஸ்டியரிங்கில் நான், என் பழைய சீட்டில் அவர். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பாதையைக் கண் திறந்து பார்த்தேன். இவ்வளவு அழகாகவா இருந்தது! இங்கே திருப்பியதும் வண்டி திரும்பியது, தூர தேசத்தைக் கேட்கவில்லை. ஒரு கொண்டையூசி வளைவில் டூரிஸ்ட் பஸ் ஒன்று முக்கிக்கொண்டு ஏறி வந்தது. ஹாரன் அடித்து, ஓரங்கட்டி, நிறுத்தினேன். பஸ் டிரைவர் கடந்து போகும்போது எனக்குக் கையைத் தூக்கிவிட்டுப் போனார். எனக்கு! பார்த்தீர்களா என்று பெருமையாகப் பக்கத்தில் திரும்பினேன்.

அவர் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடம் ஓட்டிய மனுசன், கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் எலுமிச்சம்பழத்தை மூக்கோடு அழுத்திப் பிடித்திருந்தார்.

"இன்னும் எத்தன வளைவு கெடக்கு புள்ள?" என்றார்.