வீட்டை விட்டுவிட்டு எழுதிய பத்திரம்

காலை ஒன்பது நாற்பது. பத்திரம் எழுதும் என் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் என் மேசைக்கு முதலில் வந்தது ஒரு முருங்கை மரத்தின் போட்டோ. அதன் அடியில் தேதி, நேரம், இடத்தின் ஜிபிஎஸ் எண்கள் எல்லாம் இருந்தன. காலி மனையைப் பதிவு செய்வதென்றால் இப்படியொரு படத்தைப் பத்திரத்தோடு சேர்க்க வேண்டும்.

கொண்டுவந்தவர் தரகர் செல்வம். கூடவே, சொத்தை வாங்கப்போகும் ஹபீபாம்மாள். முத்துப்பேட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர். அந்த இடம் எனக்குத் தெரியும். முருங்கை மரம் கொல்லையில் நிற்கிறது. அதற்கு முன்னால் மூன்று அறைகள் உள்ள கான்கிரீட் வீடு. செல்வம் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று படம் எடுத்திருந்தார்.

எங்கள் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் கல்யாணத்துக்கு முன்பே மகள் பேரில் ஒரு வீடு இருக்க வேண்டும். பத்திரத்தின் ஜெராக்ஸ் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். ஹபீபாம்மாளின் மகளுக்குப் பொங்கல் கழித்து நிக்காஹ்.

பத்திர எழுத்துக்குப் புதிதாக வருகிறவர்களும் வீடு வாங்குகிறவர்களும் மனதில் வைக்க வேண்டிய கணக்கு இதுதான். சொத்தின் மதிப்பில் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு. வில்லங்கச் சான்று, பழைய பத்திரங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் வக்கீல், ரைட்டர் கூலி, பட்டா மாறுதல் இவற்றுக்குத் தனியாகப் பதினைந்தாயிரம் வையுங்கள். விலை பேசும்போதே இதையும் பேசிவிட வேண்டும். ஹபீபாம்மாள் விலையை மட்டும் பேசியிருந்தார்: மனைக்குப் பதினொன்று, கட்டடத்துக்கு ஒன்பது, ஆக இருபது லட்சம். அதைக் கொடுத்தது போக அவரிடம் மீதி இரண்டு லட்சம். அதில்தான் பதிவும் முடிய வேண்டும், வீட்டுக்குப் பெயின்டும் அடிக்க வேண்டும்.

செல்வம் வேறு இடத்தில் டைப் செய்துவந்த டிராஃப்டைக் கையில் கொடுத்தார். வாங்குகிறவர் எதிரில் சொத்து விவரத்தை வாய்விட்டு வாசிப்பது என் வழக்கம். நான்கு எல்லைகளை வாசித்து, "இதற்குள் அடங்கிய காலி மனை" என்று நிறுத்தினேன்.

"வீடு எங்க வருது?" என்றார் ஹபீபாம்மாள்.

"மண்ணை வாங்குனா மேல நிக்கிறதும் நம்மளுதுதானே ராத்தா," என்றார் செல்வம். "ஒன்பது லட்சத்துக்கு வரி எதுக்குக் கட்டணும்? எம்பத்தோராயிரம் மிச்சம்!"

"நல்லா இருக்கே! சம்பந்தி ஊட்டுல இதப் படிச்சா, மகளுக்கு முருங்க மரமா குடுத்தேன்னு கேக்க மாட்டாங்களா? தினமும் சாம்பார் வச்சுக்கட்டும்னு சொல்லவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னேன்: "அதோட, ரிஜிஸ்டர் ஆபீஸ்லேருந்து எடத்தப் பாக்க வந்தாங்கன்னா, விட்டுப்போன தீர்வையை அபராதத்தோட கட்டணும்மா. வீட்டு வரிய பேர் மாத்துறதுக்கும் அலையணும்."

"வீட்டோட எழுதுனா எவ்வளவுங்க ஆகும்?"

கால்குலேட்டரைத் தட்டினேன். தீர்வையும் பதிவும் ஒரு லட்சத்து எண்பதாயிரம். சில்லறைச் செலவு பதினைந்தாயிரம். முதலில் தன் பேரில் வாங்கி, பிறகு மகளுக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுப்பது அவருடைய திட்டம். அந்த இரண்டாவது பத்திரத்துக்கு இன்னொரு முப்பதாயிரம்.

"ரெண்டே கால் லட்சம். பத்தாதே," என்றார். பிறகு குரலை இறக்கி, "கல்யாணத்த தள்ளிப்போட முடியாது. மாப்புள லீவு முடிஞ்சு சவுதி போயிடுவாரு."

"நேரா மக பேர்லயே வாங்குங்களேன். ரெண்டாவது பத்திரமே வேண்டாம்."

"எங்காசு ரைட்டரே. நிக்காஹ் நின்னு போச்சுன்னா?"

"நின்னாலும் வீடு உங்க மககிட்டதானே இருக்கும்."

"அதுவும் சரிதான். எழுதியே கொடுத்தாலும் அவ என்னை வெளிய போன்னு சொல்ல மாட்டா." செல்வத்தைத் திரும்பிப் பார்த்தார். "நீ இன்னொரு போட்டோ எடுத்துட்டு வா. இந்தத் தடவ வீட்டப் பாத்து நில்லு."

"தரகுல ஒண்ணும் கொறைக்க மாட்டீங்களே ராத்தா?"

"போட்டோவப் பாத்துட்டுச் சொல்றேன்."

மூன்று அறை, கழிவறை, மின் இணைப்பு, தண்ணீர்க் குழாய், கொல்லை முருங்கை உள்பட எல்லாவற்றையும் சொத்து விவரத்தில் எழுதினேன். பதிவு நாளில் விற்பவர் போட்ட பிறகு, வாங்குபவர் இடத்தில் மகள் கையெழுத்துப் போட்டாள். ஹபீபாம்மாள் சாட்சியாகப் போட்டார். மொத்தச் செலவு ஒரு லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரம்; கையில் மீதி ஐயாயிரம்.

நிக்காஹுக்குப் போயிருந்தேன். வீட்டின் முன் சுவருக்கு மட்டும் பெயின்ட் அடித்திருந்தார்கள்.