ஈய உலைக்குப் போன பாதை

பக்கத்து வீட்டுத் தம்பி புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டரைக் காட்டினார். பேட்டரிப் பெட்டியைக் குனிந்து முகர்ந்து பார்த்தேன். "இது லித்தியம் சார், வாடை வராது" என்று சிரித்தார். பழசானால் எங்கே போகும் என்று கேட்டேன். "கம்பெனிக்காரங்க எடுத்துக்குவாங்க." எடுத்துப் போய் என்ன செய்வார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. என்னால் கேட்காமல் இருக்க முடியாது. அந்த வேலையைப் பார்த்தவன் நான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பெரம்பலூரில் ஒரு பேட்டரிக் கடையில் இருந்தேன். ஆசிட் பட்டுப் பட்டு என் சட்டைகளெல்லாம் சல்லடை. பெண் பார்க்கப் போனதுகூட இரவல் சட்டையில்தான். புது ஈயம் லேசில் கிடைக்காத காலம் அது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் கழித்த பேட்டரிகளை வாங்கி, உடைத்து, உள்ளே இருக்கும் தகடுகளை உருக்கினால்தான் எங்களுக்கு ஈயம். அதற்காக முதலாளி சிறுவாச்சூருக்கு இந்தப் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டில் உலை போட்டிருந்தார். அதன் புகை நாக்கில் இனிப்பாகப் படியும்.

உலைக்கு அடுத்த வீடு செல்லம்மா அக்காவுடையது. களையெடுத்த கூலியில் வாங்கி வளர்த்த ஆடுகள், சாம்பல் படிந்த புல்லை மேய்ந்து ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன.

ஒருநாள் காலையில் முதலாளியும் நானும் பழைய பேட்டரிகளோடு லாரியில் உலைக்குப் போனோம். வண்டிப்பாதையின் குறுக்கே அக்கா உட்கார்ந்திருந்தார். முன்னால் செத்த ஆடு, மடியில் கைப்பிள்ளை.

முதலாளி இறங்காமலே பேசினார். "எத்தன ஆடு செத்துச்சுன்னு சொல்லு, வாங்கித் தந்துடறேன்."

"ஆட்டுக்கு ஆடு தருவீங்க. இவனுக்கு ஒண்ணுன்னா என்னாத்தத் தருவீங்க?"

முதலாளி என்னிடம் திரும்பினார். "எறங்கி அவள நவுத்துடா."

இறங்கினேன். நகர்த்தவில்லை. அந்த ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"வேல போயிடும்" என்றார் முதலாளி.

"போவட்டுங்க" என்றேன்.

செல்லம்மா அக்கா என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "தம்பி, வெயில் ஏறுது. புள்ளைக்கு நெழலா உக்காரு."

களைக்குக் கிளம்பிய பெண்கள் களைக்கொட்டோடு வந்து எங்கள் பின்னால் அமர்ந்தார்கள். லாரி பின்னோக்கியே போனது. மறுநாளும் உட்கார்ந்தோம், அதற்கடுத்த நாளும். பிறகு உலையைப் பிரித்தார்கள். எனக்கு வேலை போனது. இன்றுவரை அதற்கு வருத்தப்பட்டதில்லை.

அக்கா இப்போது இல்லை. அவர் உட்கார்ந்த வண்டிப்பாதை நான்குவழிச் சாலைக்கு அடியில் போய்விட்டது. அதன் குறுக்கே இன்று யாரும் உட்கார முடியாது என்கிறார்கள். அன்றும் அப்படித்தான் சொன்னார்கள்.