கணுக்கால் உடைந்த தீபாவளி சீசன்

ஒரு மழைக்காலை. தலையில் நைட்டி மூட்டையோடு மாம்பலம் ஸ்டேஷன் படியிறங்கும்போது கடைசிப் படியைத் தவறவிட்டு, வலது கணுக்காலை உடைத்துக்கொண்டேன். உள்ளே கேட்ட அந்த 'டக்' சத்தமும், நனைந்த புதுத்துணியின் கஞ்சி வாசனையும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை…

உடைந்தது என்று அப்போது தெரியாது. எங்கள் தி.நகர் நடைபாதையில் இதற்கு ஒரே டெஸ்ட்தான். விரலை ஆட்டச் சொல்வார்கள். ஆடினால் சுளுக்கு, ஆடாவிட்டால் முறிவு. என் விரல்கள் ஜோராக ஆடின. ஆளுக்கொரு தைலம் தேய்த்தார்கள். நானும் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மத்தியானம் வரை நின்றே விற்றேன்.

வேறு வழியில்லை. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. சீசனில் ஆள் வராவிட்டால் இடம் வேறொருவனுக்கு. அங்கே அதுதான் சட்டம்.

பக்கத்தில் ஹேர் கிளிப் விற்ற ஸ்டெல்லா அக்கா நொச்சிக்குப்பத்துக்காரர். காலைப் பார்த்தார்.

"இன்னா நைனா, இதுக்குப் பேரு சுளுக்கா? பூசணிக்கா மாதிரி கீது."

சொல்லிக்கொண்டே ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்திவிட்டார்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டரம்மா திட்டவில்லை. எலும்பு உடைந்தாலும் விரல் ஆடும் என்றார். கணுக்கால் ஒரு கவ்வு மாதிரியாம். இரண்டு பக்கமும் எலும்பு பிடித்திருக்க, நடுவில் இன்னொன்று அசையும். நான் நின்று விற்றதில் அந்தக் கவ்வு இன்னும் விலகியிருந்தது. அப்படியே கூடினால் மூட்டு தேய்ந்து ஆயுசுக்கும் நொண்ட வேண்டியதுதான். பிளேட் வைத்து ஸ்க்ரூ போட வேண்டும். அவர் சொல்லும்வரை காலை ஊன்றவே கூடாது.

நான் கேட்டது ஒன்றுதான். தீபாவளிக்கு நிற்கலாமா?

"நிக்கலாம். அதுக்கப்புறம் ஒழுங்கா நிக்க முடியாது."

ஆபரேஷன் முடிந்து சைதாப்பேட்டை ரூமில் படுத்துக் கிடந்தேன். தலையணைகளை அடுக்கி, நெஞ்சைவிட உயரத்தில் கால். ஜன்னலுக்கு வெளியே மின்சார ரயில்கள்… மாத்திரை மயக்கத்தில் அந்த இரைச்சல் மெல்லக் கூட்டத்தின் இரைச்சலாகிவிடும். கட்டில் மிதந்து ரங்கநாதன் தெருவுக்குள் போகும். யார் யாரோ நைட்டியை விரித்துப் பார்ப்பார்கள், விலைகூடக் கேட்காமல் கடந்து போவார்கள்…

பிழைக்க வந்த நாளிலிருந்து நான் பகலில் படுத்ததே இல்லை. மழை வெளிச்சம் சுவரில் நகர்வதை அப்போதுதான் பார்த்தேன்.

அப்படி நிம்மதியாகத் தூங்க முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஸ்டெல்லா அக்கா என் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து குந்தினார்.

"ஒன் எடத்த நான் பாத்துக்கிறேன். ஆனா சும்மா இல்ல, சொல்ட்டேன்."

வியாபாரி என்றால் அவர்தான். பேசினோம். முடித்தோம்.

இன்று அதே தி.நகரில் எனக்குச் சொந்தக் கடை, ஏசி, கண்ணாடிக் கதவு. நடையில் குறையில்லை, மழைக்கு முன்னால் கணுக்கால் லேசாகக் குடையும், அவ்வளவுதான். கடை வாங்கும்போது வக்கீல், பத்திரம், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து… அத்தனை இருந்தும் அன்றைக்குப் போலத் தூக்கம் வரவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாய்வார்த்தையாய்ப் பேசி முடித்தது இதுதான். நான் காலை ஊன்றும்வரை என் சரக்கையும் அவரே விற்று, இடத்தையும் காப்பார். நான் திரும்பியதும், ஜவுளிக்கடை சன்ஷேடுக்குக் கீழே இருந்த என் நிழல் இடம் அவருக்கு. அவருடைய வெயில் இடம் எனக்கு.